மான்பல் மோதிரம்

பல் கிளினிக்கில் ஒரு பல் காணாமல் போய்விட்டது என்று வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா?

அல்ஃபியா மறுபடியும் தட்டைப் பார்த்தாள். எவர்சில்வர் தட்டு இருந்தது. அதன்மேல் அவள் மடித்து வைத்த துணி இருந்தது. துணியின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம்கூட இருந்தது. பள்ளத்தில் இருக்க வேண்டிய பல்தான் இல்லை. நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இந்தத் தட்டுல ஒரு பல்லு இருந்துச்சே..."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டாக்டர் ரூபேந்திரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குடுத்துட்டேனே."

"யாருக்கு டாக்டர்?"

"என்ன கேள்வி இது? யாரு பல்லோ அவருக்கு! கனகராஜ் அங்கிள் ஞாபகத்துக்கு வெச்சுக்கறேன்னு ஆசையா கேட்டாரு. நீ முன்னால போன் எடுக்கப் போயிட்டே. நானே டப்பாவில போட்டுக் குடுத்தேன். நல்ல ஞானப்பல்லு. வேரைக் காட்டி விளக்கம்கூட சொன்னேன்."

அல்ஃபியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கனகராஜின் வாயிலிருந்து பிடுங்கிய அசல் பல், பாதி கரைந்து கரிக்கட்டை மாதிரி, பக்கத்துத் தட்டில் ரத்தப் பஞ்சுக்கு அடியில் அநாதையாகக் கிடந்தது. டாக்டர் டப்பாவில் போட்டு, விளக்கம் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தது கனடா நாட்டு மானின் பல்.

மலேசியாவில், பாசிர் கூடாங்கில் இருக்கிற ஒரு பல் கிளினிக்குக்குக் கனடா மான் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அல்ஃபியாவின் நாத்தனார் ஆப்ரினுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பொந்தியானில் நிச்சயம். மாப்பிள்ளை அஹ்னாஃப் கனடாவில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். சொந்த ஊர் மூவார் என்றாலும், பனியில் நான்கு வருடம் இருந்ததில் அந்த ஊர் வழக்கமெல்லாம் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே எல்க் என்று ஒரு மான் இருக்கிறதாம். குதிரை உயரம். அதன் மேல்வாயில் இரண்டே இரண்டு பற்கள் மட்டும் தந்தமாம். என்றோ ஒரு காலத்தில் அதன் முப்பாட்டன்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொம்புப் பற்கள் சுருங்கிச் சுருங்கி அப்படி ஆகிவிட்டனவாம். வேட்டைக்குப் போகிறவர்கள் இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டாலும் அந்த இரண்டு பற்களை மட்டும் யாருக்கும் தர மாட்டார்கள். மோதிரத்தில் பதித்து மனைவிக்குப் போடுவார்கள். அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண்கள் அந்தக் காலத்தில் சட்டை நிறைய அதைத்தான் தைத்துப் போட்டுக்கொள்வார்களாம்.

இதையெல்லாம் வீடியோ காலில் கேட்ட ஆப்ரினின் அம்மா சுலைஹா மாமி, "தந்தமா!" என்று வாயைப் பிளந்தார். போனை வைத்த கையோடு பொந்தியான் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆப்ரினுக்கு மாப்பிள்ளை தந்த மோதிரம் போடப் போகிறான். அதுவும் அவனே வேட்டையாடிய மானின் தந்தம்.

மாமிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அடுத்த காலில் கேட்டார்.

"மாப்ளே, நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அதைக் கையில போட்டுக்கிட்டு எம்பொண்ணு தொழுவணும். எல்லாம் ஹலால்தானே?"

அஹ்னாஃப் லேசாக இருமினான்.

"மாமி, அந்தப் பல்லு இன்னிய தேதி வரைக்கும் ஹராமான ஒண்ணைக்கூட கடிச்சதில்ல. அதுக்கு நான் பொறுப்பு."

மாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. புல் தின்கிற பிராணி வேறு எதைக் கடிக்கப் போகிறது?

விரல் அளவு பார்ப்பதற்காக மோதிரத்தை அவன் முன்கூட்டியே அனுப்பி வைத்தான். வெள்ளி மோதிரம். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பல். பால் நிறம், ஓரத்தில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு பழுப்பு வளையம். ஆப்ரின் ஆசை தாங்காமல் அதைப் போட்டுக்கொண்டே ஒரு நாள் பாத்திரம் கழுவினாள். பல் ஆட்டம் கண்டுவிட்டது.

மாமி மோதிரத்தை மருமகள் கையில் வைத்து அழுத்தினார். "மாப்ளே வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். நீ பல்லு ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்கறே? ஆடுற பல்லை ஒட்டறது உனக்கு ஒரு வேலையா?"

வேலை இல்லைதான். ஆனால் கிளினிக்கில் சொந்த வேலை பார்ப்பது டாக்டர் ரூபேந்திரனுக்குப் பிடிக்காது. முன்பு வேலை பார்த்த பெண் ஒருத்தி அறுந்த செருப்புக்குப் பல் சிமெண்ட் போட்டு ஒட்டியதற்கு, அவளை அந்தச் செருப்போடே வீட்டுக்கு அனுப்பி வைத்தவர் அவர். அதனால்தான் அல்ஃபியா, கனகராஜுக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட இடைவெளியில், சத்தமில்லாமல் மான் பல்லைக் கழற்றிச் சுத்தம் செய்து துணியில் காய வைத்திருந்தாள். டாக்டர் பல்லைப் பிடுங்கி முடித்த நேரம் பார்த்து முன்னறையில் போன் அடித்தது.

இப்போது டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் வேலை போகும். மாமியிடம் சொன்னால் அதைவிடப் பெரியது எதுவோ போகும். கனகராஜின் கரிப்பல்லைக் கழுவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் நைசாக மாற்றி வைத்துவிட்டு வந்தால் தீர்ந்தது.

கனகராஜ் பெட்ரோல் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அல்ஃபியா போனபோது கன்னத்தில் ஐஸ் மூட்டையை அழுத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பல் பிடுங்கிய ஆளின் களையே இல்லை. பேரன் பிறந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு, அதன்மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர், தம்ளருக்குள் மான் பல்.

"வா தங்கச்சி, வா! பாத்தியா நம்ம பல்லை?" பேச்சு கொஞ்சம் குழறினாலும் குரல் கணீரென்று இருந்தது. "சைட்ல எல்லாருக்கும் வாட்ஸ்அப் பண்ணிட்டேன். சூப்பர்வைசர் என்ன சொன்னான் தெரியுமா? 'கனகராஜ், உன் வாயி சிங்கத்தோட வாயி லா'ன்னான். இத்தனை வருஷத்துல அந்த ஆளு என் பேரை முழுசா சொன்னதே இன்னிக்குத்தான்."

"நல்லதுங்க அங்கிள். வலி எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் மனைவி செல்லம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "இந்தக் காலத்துல எந்த கிளினிக்குல மிஸ்ஸி வீடு தேடி வருது? உக்காரும்மா, மைலோ கலக்கறேன்."

செல்லம் சமையலறைக்குப் போனார். கனகராஜ் ஐஸ் மாற்ற அவர் பின்னாலேயே போனார். அல்ஃபியா கைப்பையைத் திறந்தாள். ஒரு கையில் கரிப்பல். இன்னொரு கையால் தம்ளரைத் தூக்கினாள். விரல் மான் பல்லைத் தொட்டது.

"என்னம்மா பண்றே?"

மைலோவும் முறுக்குமாக நின்றுகொண்டிருந்தார் செல்லம்.

"இது... ஆண்ட்டி... லேப்புக்கு வேணும். சும்மா ஒரு செக்."

செல்லம் மைலோவை மேஜையில் வைத்தார். "பிடுங்கிப் போட்ட பல்லுக்கு லேப்புல என்ன செக்கு?"

"ஒண்ணும் இல்ல ஆண்ட்டி. பயப்படற மாதிரி எதுவும் இருக்காது."

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் ஒருபோதும் சொல்லக் கூடாத வாக்கியம் இதுதான். செல்லம் அப்படியே சோபாவில் சரிந்தார். "எங்க பெரியப்பாவுக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க. சும்மா ஒரு செக்குன்னாங்க. அதுக்கப்புறம் மனுஷன் இருந்தது ஒரு மாசம்."

ஐஸ் மூட்டையோடு வந்த கனகராஜ் மனைவியைப் பார்த்தார். அல்ஃபியாவைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். சிங்கத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"பல்லு எங்ககிட்டயே இருக்கட்டும் தங்கச்சி," என்றார் மெதுவாக. "நாளைக்கு டாக்டரை நாங்களே வந்து பாக்கறோம். எதுவா இருந்தாலும் அவர் வாயால கேட்டுக்கறோம்."

மறுநாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன்பே அவர்கள் வாசலில் நின்றார்கள். கனகராஜ் நெற்றி நிறைய திருநீறு. செல்லத்தின் கண்கள் வீங்கியிருந்தன. துணைக்குச் செல்லத்தின் தங்கை, தங்கையின் கணவர். அந்தக் கணவரிடம் கனகராஜ் தன் மோட்டார் சைக்கிள் சாவியை முந்தின நாளே ஒப்படைத்திருந்தார். அவரும் மறுக்காமல் வாங்கியிருந்தார்.

"டாக்டர்," என்று செல்லம் மேஜையைப் பிடித்துக்கொண்டார், "எங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க. எவ்வளவு நாள் இருக்கு?"

"எதுக்கு எவ்வளவு நாள்?"

"லேப்பு செக்குன்னு உங்க மிஸ்ஸி வந்து சொல்லிடுச்சு."

டாக்டர் ரூபேந்திரன் கண்ணாடிக்கு மேலாக அல்ஃபியாவைப் பார்த்தார். அல்ஃபியா எக்ஸ்ரே அறையைப் பார்த்தாள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியில் செல்லத்தின் தங்கை விம்முகிற சத்தம் கேட்டது.

அல்ஃபியா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மோதிரம், மாமி, சிமெண்ட், தட்டு, மான்.

செருப்புக் கதை தனக்கும் நடக்கப் போகிறது என்று எதிர்பார்த்து நின்றாள். ஆனால் சிமெண்ட் விஷயம் டாக்டரின் காதில் ஏறவே இல்லை.

"மானா?" என்றார்.

"ஆமா டாக்டர்."

"நாலு காலோட, கொம்போட..."

"குதிரை உயரம்னு சொன்னாங்க டாக்டர்."

அவர் எக்ஸ்ரே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் அதைக் கையில வெச்சுப் பாத்தேன் அல்ஃபியா. ஞானப்பல்லுன்னு சொன்னேன். மேல் வரிசை, வலது பக்கம்னு இடம்கூட சொன்னேன். காட்டுல மேயற மானுக்கு நான் மனுஷ வாயில இடம் சொல்லியிருக்கேன்!"

"அங்கிள்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா டாக்டர்?"

"சொல்லிட்டு? மத்தியானத்துக்குள்ள அவங்க சைட் முழுக்க வாட்ஸ்அப்ல போயிடும். என் போர்டுல யாராவது வந்து 'ஆடு மாடுகளுக்கும் பல் பார்க்கப்படும்'னு எழுதிட்டுப் போவாங்க." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "இரு. நான் பக்குவமா பேசி வாங்கித் தர்றேன்."

வெளியே வந்து தொண்டையைச் செருமினார். "அங்கிள், உங்களுக்கு எந்த வியாதியும் கிடையாது. நூறு வயசு இருப்பீங்க. விஷயம் என்னன்னா, உங்க பல்லு கொஞ்சம் அபூர்வமான பல்லு. அதனால ஆராய்ச்சிக்காக அதை நான் வெச்சுக்கலாம்னு..."

"அபூர்வமா?" கனகராஜின் முதுகு நிமிர்ந்தது.

"லட்சத்துல ஒண்ணு," என்றார் டாக்டர். பக்குவம் எல்லை மீறியதை அவரே உணர்ந்தார். ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது.

அழுகை நின்றது. செல்லம் எழுந்து கணவரை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். தங்கை செல்பி எடுத்தாள். தங்கையின் கணவர் மட்டும் முகம் வாடி மோட்டார் சைக்கிள் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கனகராஜ் பல்லை இரண்டு மடிப்புக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்துப் பட்டனைப் போட்டார்.

"லட்சத்துல ஒண்ணை யாராவது சும்மா குடுப்பாங்களா டாக்டர்? நல்லா கேட்டீங்க போங்க!"

அவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். டாக்டரும் அல்ஃபியாவும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"பக்குவமா பேசிட்டீங்க டாக்டர்," என்றாள் அல்ஃபியா. வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

சனிக்கிழமை காலையில் இரண்டு போன் வந்தது. முதல் போன் மாமி. "மாப்ளே வந்து எறங்கிட்டாரு. கூட்டாளி ஒருத்தரையும் கூட்டிட்டு வந்திருக்காரு. மோதிரம் ரெடிதானே? நாளைக்குக் காலையில நேரத்தோட வந்துடு."

"ரெடி மாமி. காயுது மாமி."

இரண்டாவது போன் செல்லம். "மிஸ்ஸி, நீதான் இந்த மனுஷனுக்குப் புத்தி சொல்லணும். பல்லுக்குப் பவுன் கட்டி, சங்கிலியில கோத்து, நெஞ்சுல தொங்கவிடப் போறாராம். புலிநகம் போடறாங்கல்ல, அந்த மாதிரியாம். நல்ல நாள் பெரிய நாள்ல பல்லைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிற ஆளு பக்கத்துல நான் எப்பிடி நிக்கிறது? இப்பத்தான் நகைக்கடைக்குக் கெளம்பிப் போனாரு."

அல்ஃபியா டாக்டரின் அறைக்குள் ஓடினாள். டாக்டர், நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த நோயாளியிடம், "அப்பிடியே இருங்க, இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டோடு காரை எடுத்தார். அந்த ஆள் பாவம், அப்படியே இருந்தார்.

நகைக்கடையில் பத்தர் பல்லை இடுக்கியில் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் சின்னத் துளைக்கருவி வண்டு மாதிரி ரீங்காரமிட்டது.

"நடுவுல ஓட்டை போட்டாத்தாங்க கம்பி நிக்கும்," என்று கனகராஜுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"போடாதீங்க!" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பத்தர் பதறிக் கருவியைக் கீழே போட்டுவிட்டார். பல் துள்ளிக் கண்ணாடி மேஜையில் உருண்டது. அதன்மேல் முதலில் பாய்ந்து கை வைத்தவர் கனகராஜ்தான்.

"என்ன டாக்டர் இது! ஆராய்ச்சின்னா கடை வரைக்குமா தொரத்திட்டு வர்றது?"

பக்கத்துக் கோப்பிக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் மூன்று முறை பேச ஆரம்பித்தார். மூன்று முறையும், "வந்து, அங்கிள்," என்பதோடு நின்றுவிட்டது. கடைசியில் அல்ஃபியாதான் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தன் நாத்தனாரின் மோதிரம் என்பதையும், நாளைக்கு நிச்சயம் என்பதையும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து கரிப்பல்லை எடுத்து மேஜையில் வைத்தாள்.

கனகராஜ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று வழவழவென்று அரசகுமாரன் மாதிரி இருந்தது. மற்றது ஒடுங்கி, கறுத்து, ஓரம் சிதைந்து கிடந்தது. கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"இதுதான் என்னோடதா?"

"ஆமா அங்கிள்."

"ம்." கரிப்பல்லை விரலால் ஒரு புரட்டு புரட்டினார். "அதான பாத்தேன். நம்ம வாயில அவ்வளவு அழகா ஒண்ணு எப்பிடி இருக்கும்?"

அவர் கோபப்பட்டிருந்தால் அல்ஃபியா தாங்கியிருப்பாள். அவர் சிரிக்க முயன்றதுதான் அவளைக் குத்தியது. "மன்னிச்சுடுங்க அங்கிள்," என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"அட, நீ ஏன் அழுவறே? கல்யாணக் காரியம். எடுத்துட்டுப் போ." மான் பல்லை அவள் பக்கம் தள்ளினார். தள்ளிய விரல் அதைவிட்டு உடனே வரவில்லை. "சைட்லதான் என்ன சொல்றதுன்னு தெரியல. நேத்துதான் கேண்டீன்ல எனக்குன்னு நாற்காலி எடுத்துப் போட்டானுங்க. லட்சத்தில் ஒருவன், உக்காருங்கன்னான் ஒருத்தன்."

டாக்டர் ரூபேந்திரன் அதுவரை கோப்பியை வெறித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "அங்கிள், நமக்குப் பொய்ப்பல் செஞ்சு குடுக்கற லேப் ஒண்ணு இருக்கு. நாலாம் பேருக்குத் தெரியாம, அச்சு அசலா இதே மாதிரி பீங்கான்ல ஒண்ணு செஞ்சு தர்றேன். அச்சு இப்பவே எடுத்துக்கறேன். கறை வளையம்கூட அப்பிடியே இருக்கும். கண்ணாடித் தம்ளருக்குள்ள வெச்சா அல்லாவைத் தவிர, அந்த முருகனைத் தவிர, யாருக்கும் தெரியாது."

கனகராஜ் யோசித்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. குனிந்து ரகசியக் குரலில் கேட்டார்:

"அதைக் கொஞ்சம் பெருசா செய்ய முடியுமா?"

"ரொம்பப் பெருசானா சந்தேகம் வரும் அங்கிள்."

"ரொம்ப வேணாம் டாக்டர். ஒரு நூலளவு."

அன்று சாயங்காலம் மோதிரத்தில் பல்லைப் பதித்தது டாக்டரேதான். நல்ல சிமெண்டாக எடுத்து, பெரிய விளக்கைத் தாழ்த்தி, முகமூடி போட்டுக்கொண்டு ஒரு குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்தார். முடித்த பிறகும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஆயிரம் பல்லு பிடுங்கியிருப்பேன்," என்றார் ஈனக்குரலில். "எனக்கு இன்னமும் இது... சரி விடு. நான் ரிடையர் ஆகிடலாம்னு பாக்கறேன்."

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க டாக்டர். நாளைக்கு நீங்களும் பொந்தியானுக்கு வாங்க. மாமியோட நெய்ச்சோறு சாப்பிட்டா எல்லாம் மறந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை பொந்தியானில் கடல் காற்று பந்தல் துணியைப் படபடவென்று அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா எல்லார் முன்னாலும் ஆப்ரின் விரலில் மோதிரத்தைப் போட்டார். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். "இதுதான் தந்தமா?" "தொட்டுப் பாக்கலாமா?" "மாஷா அல்லாஹ், வெண்ணெய் மாதிரி இருக்கு!" சுலைஹா மாமி மகளின் கையைத் தூக்கிப் பிடித்தபடியே பந்தலை ஒரு சுற்று வந்தார். அஹ்னாஃப் மட்டும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டு நெளிந்தான். வெட்கப்படுகிற மாப்பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான் என்று ஊர் மெச்சியது.

ஆப்ரின் கூட்டத்துக்குள்ளிருந்து அல்ஃபியாவைத் தேடிப் பிடித்துக் காதில் சொன்னாள்: "ஆடவே இல்ல மைனி. முன்னவிட கெட்டியா இருக்கு. நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்!"

ஒரு வாரமாக அல்ஃபியாவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கியது. முதல் முறையாக அவளுக்குப் பசித்தது. நெய்ச்சோறும் ஆட்டுக்கறிக் குருமாவும் வாங்கிக்கொண்டு டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனாள். டாக்டரின் தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அவர் கண் மட்டும் தூரத்தில் ஆப்ரினின் விரல் போகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க டாக்டர்."

"மானுக்கு இவ்வளவு குட்டையா வேர் இருக்குமா அல்ஃபியா?"

அப்போது எதிர் நாற்காலியில் தட்டும் கையுமாக ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். "இங்க யாரும் இல்லையேக்கா? நான் கவின். அஹ்னாஃபோட ரூம்மேட். கனடாவில ஒரே வீடு, ஒரே வேலை." பதிலுக்குக் காத்திராமல் குருமாவில் இறங்கினான்.

டாக்டருக்கு உயிர் வந்தது. "தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களும் வேட்டைக்குப் போவீங்களா?"

"ஒரு தடவை போனேன் சார். அஹ்னாஃப்கூடத்தான்."

"அப்ப அந்த எல்க் மானைக் கிட்டத்துல பாத்திருப்பீங்க. அதோட பல்லு, அதோட வேரு, அதெல்லாம் எப்பிடி இருக்கும்? பாத்த உடனே மனுஷப் பல்லு இல்லேன்னு தெரிஞ்சிடுமா?"

கவின் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அல்ஃபியா தண்ணீரை நகர்த்தி வைத்தாள். குடித்துவிட்டு, மாமி பக்கத்தில் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

"மான் எங்க சார் வாயைத் திறந்து காட்டுச்சு? அது எங்களைப் பாத்துச்சு, நாங்க அதைப் பாத்தோம். அவ்வளவுதான். இவன் 'அலமாக்!'னு கத்திக்கிட்டு ஓடிப்போய் வண்டியில ஏறிக் கதவைப் பூட்டிக்கிட்டான். என்னையே உள்ள விடல."

அல்ஃபியாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"அப்ப... அந்த மோதிரத்துல இருக்கற பல்லு?"

"வெளியில சொல்லிடாதீங்கக்கா," என்று கவின் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "மாமிக்கு வாக்குக் குடுத்துட்டானே, வேற என்ன பண்ணுவான்? அது அவனோட சொந்த ஞானப்பல்லு. பிடுங்கறதுக்கு டாக்டர்கிட்ட கார்ல கூட்டிட்டுப் போனதே நான்தான்."